யூனியன் எலெக்‌ஷனில் நிற்கும் மகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. நான் படித்தது பொள்ளாச்சியில்; மணி அடித்தால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மகள் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் அரசுக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அடிக்கடி 'இன்னிக்கு சமரம்' (ஸ்டிரைக்) என்று மத்தியானமே வந்துவிடுகிறாள். இப்போது யூனியன் எலெக்‌ஷனில் ஸ்டூடண்ட் எடிட்டருக்கு நிற்கிறாளாம். ராத்திரி தூங்காமல் சார்ட் விரித்து போஸ்டர் எழுதுகிறாள். படிக்கத்தானே அனுப்பினோம்?

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்தால் காலேஜ் என்பதே வேறு. தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் தேர்தலே கிடையாது. இங்கே எஸ்எஃப்ஐ, கேஎஸ்யூ, ஏபிவிபி என்று மாணவர் அமைப்புகளின் கொடிகள் கேட்டிலேயே வரவேற்கும். சமரம் விஷயத்தில் உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. திருவனந்தபுரத்தில் யாரோ அடி வாங்கினால் சித்தூரில் லேப் நின்றுபோவது என்ன நியாயம்?

ஆனால் எலெக்‌ஷன் வேறு சங்கதி. அவள் போஸ்டரைக் கையால் எழுதுவது ஆசைக்காக மட்டுமல்ல. 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, மாணவர் தேர்தலுக்கான லிங்டோ கமிட்டி விதிப்படி அச்சடித்த போஸ்டர் கூடாது, கையால் எழுதியதுதான். ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கவும் கூடாது. உங்களுக்குப் பிடிக்கும் விதியும் ஒன்று உண்டு: குறைந்தது 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும், அந்த வருஷம் அரியர் இருக்கக் கூடாது. ஆக, எலெக்‌ஷனில் நிற்க ஆசைப்படுகிறவள் கிளாஸைக் கோட்டைவிட முடியாது. (விதி காகிதத்தில் இருப்பதற்கும் கேம்பஸில் நடப்பதற்கும் உள்ள தூரம் எனக்கும் தெரியும். தோரணம், ஃபிளெக்ஸ் எல்லாம் பார்த்திருக்கிறேன்.)

ஸ்டூடண்ட் எடிட்டர் என்றால் காலேஜ் மேகசினைக் கொண்டுவருகிற ஆள். கேரளத்துக் கல்லூரிகளில் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. எதைப் போடுவது, எதை விடுவது என்று சண்டையே நடக்கும். கட்டுரை கேட்டு அலைவது, பிரஸ்ஸில் புரூஃப் பார்ப்பது, முதல்வரிடம் வாதாடுவது எல்லாம் அவள் தலையில்தான் விழும். இதெல்லாம் எந்த சிலபஸில் இருக்கிறது, சொல்லுங்கள்?

வீட்டில் தமிழ், கேம்பஸில் மலையாளம் என்று வளர்ந்த பெண். தமிழுக்குத் தனித் துறையே இருக்கிற கல்லூரி அது. அவளைத் தடுப்பதை விட்டுவிட்டு, ஜெயித்தால் மேகசினில் தமிழுக்கு எத்தனை பக்கம் ஒதுக்குவாள் என்று கேளுங்கள். அப்புறம் அட்டெண்டன்ஸ் எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள்.