துரையின் கத்தி

அன்பின் ஐயா,

பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய சாமான் கடையில் மரைக்கொம்புப் பிடி போட்ட வேட்டைக்கத்தி ஒன்றைக் கண்டேன். தோல் உறையும் இருக்கிறது. அலகில் ஒரு கிரீடம், அதன் இருபுறமும் ஜி, ஆர் என்ற எழுத்துகள், கீழே ‘ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்ட், இங்கிலாந்து’. அந்தக் காலத்து ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கரோடு நுவரெலியாவில் வேட்டைக்குப் போன துரை ஒருவருடைய கத்தி என்கிறார் கடைக்காரர். 45,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா? வாங்கினால் பொலிஷ் போட்டு மினுக்கி வைக்கலாமா?

ர., வெள்ளவத்தை

அன்பின் ர.,

கத்தி நல்லதாகவே இருக்கலாம். கதைதான் உதைக்கிறது.

பேக்கர் இலங்கையை விட்டுப் போனது 1855இல். அப்போது விக்டோரியா ஆட்சி. கிரீடத்தோடு போடுவது அப்போது ஆளும் அரசரின் எழுத்து, ஆர் என்பது லத்தீனில் அரசர் அல்லது அரசி. ஆகவே வி, ஆர் என்றல்லவா இருக்க வேண்டும்? ஜி என்றால் ஜோர்ஜ். நாலாம் ஜோர்ஜ் 1830இலேயே இறந்துவிட்டார், ஐந்தாம் ஜோர்ஜ் பட்டத்துக்கு வந்தது 1910இல். இது நாலாம் ஜோர்ஜோ அவருக்கு முந்தியவரோ அல்ல, 1910க்குப் பிந்திய ஜோர்ஜ்தான் என்பதை ‘இங்கிலாந்து’ என்ற சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இறக்குமதிச் சாமான்களில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அதன் பிறகுதான் ஷெஃபீல்ட் கத்திகளில் அந்தச் சொல் வழக்கமாக ஏறியது. பேக்கரோ 1893இல் காலமாகிவிட்டார். இந்தக் கத்தி அடிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

அவர் நாய்களை விட்டு மரையை மடக்கிக் கத்தியால் வேட்டையாடியவர் என்பது உண்மைதான். அந்தப் பெயருக்காக உங்களிடம் எவ்வளவு கூட்டிக் கேட்கிறார்களோ, அதைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பேசுவதற்கு முன் அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிடியை ஒட்டித் தீட்டாமல் விட்ட ஒரு சிறு பகுதி இருக்கும். அதைவிட நடு அலகு ஒடுங்கி, கூர்ப்பக்கம் உள்வாங்கியிருந்தால் சாணை பிடித்தே தேய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்கு அந்த விலை அநியாயம். பிடியின் அடியில் உலோக மூடி இல்லையென்றால் அங்கேயும் பாருங்கள். கொம்பு என்றால் நடுவில் பஞ்சு மாதிரித் துளைகள் தெரியும். பிளாஸ்டிக் என்றால் அச்சில் வார்த்த கோடு ஓரமாக ஓடும். பிடி உடைந்திருந்து, புதுக் கொம்பு போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம். மரை இப்போது சட்டம் பாதுகாக்கும் விலங்கு.

பொலிஷ் வேண்டவே வேண்டாம். பழைய உருக்கில் படிந்திருக்கும் சாம்பல் நிறத்துக்காகத்தான் சேகரிப்பவர்கள் காசு கொடுக்கிறார்கள். மெஷினில் பிடித்தால் அதோடு முத்திரையும் மழுங்கிப்போகும். மேலே சொன்ன கணக்கையெல்லாம் பிறகு எதை வைத்துப் போடுவீர்கள்? சிவப்பாக எழும்பிய கறளுக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெய் தடவி, ஊறவிட்டு, பழந்துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டுவிடும்.

சரி, இன்னொன்று. நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஆகவே கத்தியை உறைக்குள் விட்டுவைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறாக இருக்கட்டும்.

அப்புறம், வாங்கினால் பேப்பரில் சுற்றிப் பைக்குள் போட்டு நேரே வீட்டுக்குப் போங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு காலி வீதியில் நடந்தால், ஜோர்ஜ் மன்னர் காலத்துக் கத்தி என்று பொலிஸுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம்.