வயதான அம்மாவின் வீடு, பங்கு, ஜீவனாம்சம்: ஒரு பெண் வழக்கறிஞரிடம் கேள்விகள்

திருச்சி வாசகி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு அண்ணனுக்குத்தான் என்கிறார்கள். அம்மாவுக்கு ஒன்றும் கிடையாதா?

பதில்: 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள் எல்லாருக்கும் சமபங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. அம்மாவின் பங்கு அவருக்கே முழு உரிமை. “இருக்கிற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்” என்று யாரும் தயவு காட்ட வேண்டாம். “ஒரு கையெழுத்துதானே” என்று நீட்டுவது பெரும்பாலும் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமாக இருக்கும். படிக்காமல் போட வேண்டாம்.

நாகர்கோவில் வாசகி: மகனுக்கு வீட்டை செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது சோறுகூடப் போடுவதில்லை. திரும்ப வாங்க முடியுமா?

பதில்: பத்திரத்தை எடுத்துப் பாருங்கள் அம்மா. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம் என்கிறது 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) அலுவலகத்தில் மனு கொடுங்கள், வக்கீல் தேவையில்லை. சிக்கல் என்னவென்றால், நம் பத்திரங்களில் “அன்பினாலும் பிரியத்தினாலும்” என்றுதான் இருக்கும், சாப்பாடு, வைத்தியம் பற்றி ஒரு வரி இருக்காது. நிபந்தனை இல்லாத பத்திரத்தை ரத்து செய்ய 2022இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவருக்கு வீடு திரும்பக் கிடைத்தது. அங்கே மகன் தனித்தாளில் உறுதி எழுதிக் கொடுத்திருந்தார். உங்களிடமும் அப்படி ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்களுக்கு: உயில் போதும். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவானதும் வீடு கைமாறிவிடும்.

சேலம் வாசகி: வயது 54, கணவர் இல்லை, வருமானமும் இல்லை. மகனிடம் ஜீவனாம்சம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். மேலே சொன்ன 2007ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டத்தில் தாய்க்கு வயது வரம்பு இல்லை. மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம்.

கோவை வாசகர்: அப்பாக்களுக்கும் இதே சட்டம்தானே? இதில் பெண்ணியம் எங்கே வந்தது?

பதில்: சட்டம் ஒன்றுதான், கையில் இருப்பது ஒன்றல்ல. வேலைக்குப் போன அப்பாவுக்கு பி.எஃப்., பென்ஷன் இருக்கலாம். அடுப்படியில் கழிந்த வருடங்களுக்கு அம்மாவுக்கு எந்தப் பாஸ்புக்கும் கிடையாது. வயதில் மூத்த கணவரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது மனைவி, அப்புறம் அவளைப் பார்க்க யார்? தமிழ்நாட்டில் விதவை ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாய். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கே சரியாகிவிடும். வெறும் சட்ட விஷயம் என்று இதை என்னால் பார்க்க முடியவில்லை.

சென்னை வாசகி: மாமியார் இதே சட்டத்தில் மனுப் போட்டு என்னை வெளியேற்றப் பார்க்கிறார்.

பதில்: இப்படி மனுப் போட வைப்பது பல வீடுகளில் மகன்தான். 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: குடும்ப வன்முறைச் சட்டம் மருமகளுக்குத் தரும் குடியிருப்பு உரிமையை மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தைக் காட்டிப் பறித்துவிட முடியாது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாமியாரின் பாதுகாப்புக்கு நீங்கள் தெருவுக்குப் போக வேண்டியதில்லை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலரை உடனே பார்த்து, குடியிருப்பு உத்தரவுக்கு மனுக் கொடுங்கள்.