மன்னிக்க, அவர் முதலில் வருந்த வேண்டுமா?

"அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்கிறது லூக்கா 17:3. அப்படியானால் வருந்தாதவரை நான் மன்னிக்க வேண்டியதில்லைதானே?

மாற்கு 11:25-ஐயும் சேர்த்துப் படியுங்கள். அங்கே ஜெபிக்க நிற்கிறவர் மட்டும்தான் இருக்கிறார். தீங்கு செய்தவர் வந்து வருந்தியதாகப் பேச்சே இல்லை. ஆனாலும் மன்னிக்கச் சொல்கிறார் இயேசு. சிலுவையில் அவர் "இவர்களுக்கு மன்னியும்" என்று வேண்டியபோது, கீழே அவருடைய உடைக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விசுவாசத்துக்காகக் கல்லெறிபட்டுச் செத்த ஸ்தேவான் தன்னைக் கொன்றவர்களுக்காகச் செய்த ஜெபமும் அப்படித்தான். பழிவாங்குவதைத் தேவனிடம் ஒப்படைக்க யாருடைய கண்ணீருக்கும் நீங்கள் காத்திருக்க வேண்டாம். லூக்கா 17 சொல்வது, கடிந்துகொண்டு, அவர் உணர்ந்து, உறவு சீராகும் வழியை. அதற்கு இருவரும் வேண்டும்.

தேவனே பாவத்தை அறிக்கையிடுகிறவரைத்தான் மன்னிக்கிறார் என்று 1 யோவான் 1:9-ஐக் காட்டும் போதகர்கள் உண்டு. வலுவான வாதம்தான். ஆனால் தேவன் நியாயாதிபதி. நாம் மத்தேயு 18-இல் வரும், கடன் தள்ளுபடி பெற்ற ஊழியக்காரன். அந்த இடத்தில் நின்றுகொண்டு நிபந்தனை போட எனக்குத் துணிவில்லை.

அடித்த கணவரை மன்னித்துவிட்டேன். "அப்படியானால் திரும்பப் போய் வாழ்" என்கிறார்கள் சபையில்.

போகாதீர்கள், சகோதரி. மன்னிப்பு வேறு, ஒப்புரவு, அதாவது உறவு சீராவது, வேறு. அண்ணன்மாரால் விற்கப்பட்டு, பின்பு எகிப்தில் அதிபதியான யோசேப்பைப் பாருங்கள். அவனை அடையாளம் தெரியாமல் அவன்முன் நின்ற அண்ணன்மார் தங்கள் குற்றத்தைப் பேசிக்கொண்டதைக் கேட்டு, அப்பால் போய் அழுதான். ஆனால் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. அவனை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்ன அதே யூதா, தம்பி பென்யமீனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்வந்த பிறகுதான் "நான் யோசேப்பு" என்றான். மாற்றம் நடத்தையில் தெரிய வேண்டும். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக (நான்கு மடங்காக) த் திருப்பித் தருவதாகச் சொன்னான். உங்கள் கணவர் "சாரி" என்றதோடு சரியா? "கூடுமானால்" என்று ரோமர் 12:18 தொடங்குவதைச் சபையாருக்குக் காட்டுங்கள்.

மன்னித்துவிட்டால் போலீஸ் புகாரை வாபஸ் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. 1981 மே 13 அன்று தம்மைச் சுட்ட மெஹ்மத் அலி ஆஜாவைப் போப் இரண்டாம் ஜான் பால் நான்கே நாளில் மன்னித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே சென்று பேசினார். இருந்தும் ஆஜா 2000 வரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார்.

மன்னித்த பிறகும் கோபம் திரும்பத் திரும்ப வருகிறதே?

வரும். எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்ட பேதுருவுக்கு இயேசு சொன்ன "ஏழெழுபதுதரமட்டும்" ஒரே காயத்துக்கும் பொருந்தும் என்றே நம்புகிறேன். இன்றைக்கு எழும் கோபத்தை இன்றைக்கு ஒப்புக்கொடுங்கள்.