சர்க்கரை, பிரஷர் மாத்திரை எடுப்பவர் ஒரு வார டீடாக்ஸ் முகாமுக்குப் போகலாமா?

போகலாமா என்பதை உங்கள் மருந்துச் சீட்டுதான் முடிவு செய்யும். முகாமின் நேர அட்டவணையை வாங்கி, எந்த வேளை சாப்பாடு இல்லையோ அந்த வேளை மாத்திரைக்கு எதிரே குறியுங்கள். அந்தத் தாளோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகைகள் வயிறு காலியாக இருந்தாலும் கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். விரதம் கெடுகிறதே என்று யோசிக்கிற நேரமில்லை அது.

இதைவிட மோசம், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் மாத்திரைகளான டாபாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும். பட்டினியில் இவற்றைத் தொடர்ந்தால் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்கு ஏறலாம். மீட்டரிலோ பல சமயம் சர்க்கரை 250-க்குக் கீழேயே நிற்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்கே 3 நாள் முன்னதாக இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். குமட்டல், வயிற்று வலி, மூச்சு வாங்கல் வந்தால் ரத்தத்தில் கீட்டோன் அளவைப் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிமோலைத் தொட்டால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான். பார்க்க வசதி இல்லையென்றாலும் கிளம்பிவிட வேண்டும்.

முகாமில் இதற்கெல்லாம் ஒரே பதில்தான் வரும்: “நச்சு வெளியேறுகிறது.” இரண்டாம் நாள் தலைவலி பெரும்பாலும் காபி, டீயை நிறுத்தியதால் வருவது, 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி சில நாளில் தானே போய்விடும். அதற்குச் சொல்லும் அதே பதிலை அமிலம் ஏறி வாந்தி எடுப்பவருக்கும் சொன்னால் ஆள் தேற மாட்டார்.

பிரஷர் மாத்திரைக்காரர்கள் நீராவிக் குளியலையும் பேதி மருந்தையும் பார்த்துப் பயப்படுவதில் தப்பில்லை. உடலில் நீர் குறையும்போது ராமிப்ரில், டெல்மிசார்டன், நீர் பிரிக்கும் மாத்திரை எல்லாம் சேர்ந்து சிறுநீரகத்தைப் படுக்க வைத்துவிடும். அது படுத்தால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் உடலில் தேங்கும். ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவருக்கு டெல்மிசார்டனோடு கீரைச்சாறும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். நச்சை உறிஞ்சும் என்று கரித்தூள் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயிற்றிலிருக்கும் மாத்திரையையும் சேர்த்தே அது உறிஞ்சும். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர் அங்கே போய் அதைத் திடீரென நிறுத்தவே கூடாது.

இயற்கை வைத்தியத்துக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நேரத்துக்குத் தூக்கம், நடை, போன் இல்லாத பகல், எல்லாம் நல்லதுதான், அதற்காகப் போங்கள். எரிச்சலெல்லாம் அந்தச் சேர்க்கைப் படிவத்தின் மேல்தான். யோகா அனுபவம் உண்டா என்று கேட்பார்கள், கடைசிப் பக்கத்தில் “எது நடந்தாலும் நானே பொறுப்பு” என்று கையெழுத்தும் வாங்குவார்கள், மருந்தின் பெயரும் அளவும் எழுத ஒரு கட்டம் இருக்காது. பணம் கட்டுமுன் கேளுங்கள்: பட்டினி நாளில் எனக்கு மட்டும் மூன்று வேளைச் சாப்பாடு தருவீர்களா? இரவில் நர்ஸ் இருப்பாரா? அவசரமென்றால் ஆஸ்பத்திரி எத்தனை நிமிடத் தூரம்?