வளாகங்களை ஒன்றாக்கும் முன் பிள்ளை வரும் பாதையை நடந்து பாருங்கள்: கேள்வி பதில்

ஆசிரியையாகத் தொடங்கி, வலயக் கல்விப் பணிமனையில் திட்டமிடல் பகுதியில் பல வருடம் இருந்து ஓய்வுபெற்றவள் நான். திருகோணமலை நகரில் மூன்று இடங்களில் நடக்கிற ஒரு பாடசாலையை ஒரே இடத்துக்குக் கொண்டுபோகும் பேச்சு இப்போது அடிபடுகிறது. ஆரம்பப் பிரிவு கடற்கரைப் பக்கம், தரம் 6 முதல் 11 வரை நகர நடுவில், உயர்தரம் கண்டி வீதிப் பக்கம். எல்லாவற்றையும் கண்டி வீதிக் காணியில் மாடி கட்டிச் சேர்ப்பதுதான் யோசனை. பாடசாலையின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளி, ஒரு தகப்பன்: ரீச்சர், இதை முடிவெடுக்கிறது அதிபரா, வலயமா, கொழும்பா?

முதலில் இரண்டு விசயத்தைப் பாருங்கள். ஒன்று, மூன்று வளாகத்துக்கும் ஒரே கணக்கெடுப்பு இலக்கமா (ஒவ்வொரு பாடசாலைக்கும் கல்வி அமைச்சின் பதிவில் இருக்கிற எண்), வேறு வேறா? ஒரே இலக்கம் என்றால் அது ஒரு பாடசாலை இடம் மாறுவது, அவ்வளவுதான். வேறு இலக்கம் என்றால் பாடசாலைகளை இணைப்பது. அப்போது ஒரு அதிபர் பதவி போகும், ஆளணி மாறும், ஒரு பாடசாலை பட்டியலில் இருந்தே நீங்கும். இரண்டாவது, அது தேசிய பாடசாலையா, மாகாணப் பாடசாலையா? தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் இருக்கிற கல்வி அமைச்சு. மாகாணப் பாடசாலை என்றால் இங்கேயே திருகோணமலையில் இருக்கிற கிழக்கு மாகாணக் கல்வி அமைச்சு. அதிபர் தனியே முடிவெடுக்க முடியாது. ஆனால் அவர் அனுப்புகிற அறிக்கையில்தான் எல்லாம் தொடங்கும். அந்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது.

நகரம், ஒரு ஆசிரியை: மூன்று இடமும் ஓடித் திரிந்து களைத்துவிட்டோம் மிஸ். ஒன்றாக்கினால் நல்லதுதானே?

உங்கள் களைப்பு எனக்குத் தெரியும் தங்கச்சி. சங்கீத ஆசிரியை ஒருவர் இரண்டாம் பாடவேளையை ஒரு வளாகத்தில் முடித்துவிட்டு மூன்றாம் பாடவேளைக்கு மற்ற வளாகத்துக்கு ஓட்டோவில் போவதைப் பார்த்திருக்கிறேன். அப்போது பாடவேளை 40 நிமிடம். அதில் 15 நிமிடம் வீதியில் போய்விடும். நேரசூசியில் அது பாடம் என்றுதான் எழுதியிருக்கும், வகுப்பில் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். விஞ்ஞான ஆய்வுகூடம் ஒரு வளாகத்தில், விஞ்ஞானம் படிக்கிற தரம் 10 பிள்ளைகள் இன்னொரு வளாகத்தில். நூலகம் மூன்றாகப் பிரிந்து மூன்றுமே அரைகுறை. ஆகவே தரம் 6 முதல் 13 வரை ஒரே இடத்தில் இருப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆரம்பப் பிரிவு மட்டும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்பேன்.

ஆனால் திட்ட அறிக்கைகளில் பிள்ளை வீட்டில் இருந்து வருகிற பாதையைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். வரைபடத்தில் கோடு போட்டு ஒன்றரைக் கிலோமீற்றர் என்று எழுதுவார்கள். ஒருமுறை இப்படியொரு இடமாற்றத்துக்கு முன், தரம் இரண்டில் படிக்கிற ஒரு பெண்பிள்ளையோடு அவளது வீட்டு வாசலில் இருந்து புதிய காணி வரை நடந்தேன். கடற்கரைப் பக்க ஒழுங்கையில் பிரச்சினையே இல்லை. மான் இரண்டு மதிலோரம் நின்றன, அவள் அவற்றோடு கதைத்துக்கொண்டே வந்தாள். பிரதான வீதிக்கு வந்ததும் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். நடைபாதை ஓரிடத்தில் கடைச் சாமான்களுக்குள் மறைந்து போனது, நாங்கள் வீதிக்கு இறங்கி நடந்தோம். சந்தியில் ஒரு பக்கத்தால் பஸ், மற்றப் பக்கத்தால் லொறி. கடப்பதற்கு மட்டும் ஆறு நிமிடம் காத்திருந்தோம். மொத்தம் 34 நிமிடம். புத்தகப் பையைப் பாதி வழியில் நான் வாங்கிக்கொண்டேன். அவளது அம்மா காலையில் மீன் வாங்கப் போகிறவர், கூட வர ஆளில்லை.

அந்த நடையை நான் அறிக்கையில் எழுதினேன். ஆனாலும் இடமாற்றம் நடந்தது. அந்தப் பிள்ளை அடுத்த வருடம் கிழமையில் மூன்று நாள்தான் வந்தாள். வரவு இடாப்பில் சிவப்பு மையில் வட்டம் வட்டமாகக் கிடந்தது.

கிண்ணியா, ஒரு உம்மா: மிஸ், எங்கட பக்கம் சின்னப் பாடசாலைகளை மூடி பெரிய பாடசாலையோடு சேர்க்கலாம் என்று சொல்கிறார்கள். பிள்ளைகள் குறைவுதான். என்ன செய்யலாம்?

உங்கள் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் நடந்ததை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவேண்டியவர். 2021 நவம்பர் 23 காலையில், பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஆட்களை ஏற்றிக்கொண்டு போன இழுவைப் படகு கவிழ்ந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் அதில் இறந்தார்கள். பிள்ளைக்கும் பாடசாலைக்கும் நடுவில் தண்ணீர் இருந்தால் அந்தத் தூரத்தை மீற்றரில் அளக்கவே கூடாது.

சின்னப் பாடசாலைகளைப் பெரிய பாடசாலையோடு கோர்க்கிற எண்ணம் புதிதல்ல. 1981 கல்வி வெள்ளை அறிக்கையிலேயே கொத்தணிப் பாடசாலை என்று வந்தது. அதில் நல்ல பக்கம் ஒன்று உண்டு: பாடசாலைகள் தத்தம் இடத்திலேயே இருக்கும், ஆசிரியரும் உபகரணமும் பகிரப்படும். உங்கள் கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் அதைக் கேளுங்கள். மூடாமல், ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் கிழமையில் இரண்டு நாள் ஆசிரியர் வரச் செய்யலாமா என்று எழுத்தில் கேளுங்கள். ஆசிரியர் ஒரு மோட்டார் சைக்கிளில் வரலாம். 30 பிள்ளைகளை ஆற்றுக்கு அப்பால் அனுப்புவதைவிட அது மலிவு.

அபயபுரம்: யார் முடிவெடுப்பது?

முதல் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்: இடம் மாறும்போது என்னென்ன ஆவணம் கவனிக்க வேணும்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். சேர்வு இடாப்பு. பிள்ளை பாடசாலையில் சேரும்போது பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர் எல்லாம் பதிகிற புத்தகம் அது. முதலும் கடைசியும் சேர்வு இடாப்பு. மேசையும் கதிரையும் உடைந்தால் வாங்கலாம். சேர்வு இடாப்பில் ஒரு பக்கம் கிழிந்தால் அந்தப் பக்கத்தில் இருக்கிற ஆட்களின் படிப்பே இல்லாமல் போகும்.

நான் வேலை செய்த ஒரு பாடசாலையில், மார்கழி விடுமுறையில் உழவு இயந்திரப் பெட்டியில் அலுமாரியை ஏற்றி இன்னொரு வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். மேலே போட்ட தறப்பாள் காற்றில் விலகி, மழை உள்ளே இறங்கிவிட்டது. அலுமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய இடாப்புகளில் நீல மை ஊறி, ஒரு பக்கத்தின் எழுத்து அடுத்த பக்கத்தில் படிந்து, இரண்டும் வாசிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. சில வருடம் கழித்து ஒரு அக்கா வந்தார். 1990இல் இடம்பெயர்ந்தபோது பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டது, பதிவை நிரூபிக்கப் பாடசாலையில் பதிந்த பிறந்த திகதி வேணும் என்றார். அவரது பக்கம் அந்த ஒட்டிய இரண்டில் ஒன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். தகப்பன் பெயரின் முதல் இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தது. அவர் ஒன்றும் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

1990, 2004 சுனாமி, 2006 மூதூர் சம்பூர் இடப்பெயர்வு என்று பட்ட மாவட்டம் இது. வீட்டில் தொலைந்த தாள் பாடசாலையில் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் வருகிறார்கள். ஆகவே ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள். கைத்தொலைபேசி போதும். சேர்வு இடாப்பு, சம்பவத்திரட்டு (பாடசாலையில் நடப்பதை அதிபர் எழுதிவைக்கிற பதிவேடு), விடுகைப் பத்திர அடிக்கட்டை, பொருட்பதிவேடு ஆகியவற்றை அதிபரே தன் வாகனத்தில், கையொப்பத்தோடு கொண்டுபோக வேணும். லொறியில் ஏற்றவே கூடாது.

ஒரு பொறியியலாளர்: மூன்று மாடிக் கட்டடம் 900 பிள்ளைகளுக்குப் போதுமா?

கட்டடம் உங்கள் துறை. நான் தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சொல்கிறேன். இடைவேளை 20 நிமிடம் என்று வையுங்கள். 900 பிள்ளைக்கு 12 குழாய் என்றால் ஒரு குழாயில் 75 பேர். ஒருவர் கை கழுவித் தண்ணீர் குடிக்க 20 விநாடி என்றாலும் 25 நிமிடம் வேணும். அதாவது கடைசியில் நிற்கிற சின்னப் பிள்ளைக்குத் தண்ணீர் கிடைக்காது. மலசலகூடத்துக்கும் இதே கணக்கைப் போடுங்கள், பெண்பிள்ளைகளுக்குத் தனியே போடுங்கள். பெரிய பெண்பிள்ளைகள் மலசலகூடத்துக்குப் பயந்து காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். இந்த வெயிலில் அது நோய். வரைபடத்தில் மேடையையும் நுழைவாயில் வளைவையும் கீறுமுன் குழாயைக் கீறுங்கள்.

பழைய மாணவர், கனடா: நாங்கள் வெளிநாட்டில் காசு சேர்க்கிறோம். தரம் 1 முதல் 13 வரை ஒரே வளாகம், ஒரே வாசல் என்பதே பாடசாலைக்குக் கௌரவம். நீங்கள் ஏன் ஆரம்பப் பிரிவைப் பிரித்து வைக்கச் சொல்கிறீர்கள்?

உங்கள் காசும் அன்பும் வேணும் தம்பி. ஆனால் ஆரம்பப் பிரிவில் பெரும்பாலான பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். அந்த வளாகம் அவர்களின் வீட்டோடு ஒட்டியிருக்கிறது. 2010களில் ஆயிரம் இடைநிலைப் பாடசாலை, ஐயாயிரம் ஆரம்பப் பாடசாலை என்று அரசு திட்டம் கொண்டுவந்தபோது ஆரம்பப் பிரிவைத் தனியாக்குவதுதான் பேச்சாக இருந்தது. இப்போது இங்கே அதற்கு எதிர்த்திசையில் போகிறோம். எந்தத் திசை என்றாலும் ஆறு வயதுப் பிள்ளையின் காலைத்தான் பார்க்க வேணும்.

அன்புவழிபுரம், ஒரு அம்மா: நான் குறுக்கே வருகிறேன் ரீச்சர். எனக்கு மூன்று பிள்ளை, மூன்று வளாகத்தில். காலை ஏழரைக்குள் ஸ்கூட்டியில் மூன்று வாசலுக்கு ஓடுகிறேன். கௌரவத்தை விடுங்கள், எனக்கு ஒரு வாசல் வேணும்.

இதுதான் சரியான வாதம். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: சின்னவரும் பெரியவரும் ஒரே நேரமா விடுகிறார்கள்? முதலாம் இரண்டாம் தரம் முன்னதாக விடும். ஒரே வாசல் என்றாலும் நீங்கள் இரண்டு தரம் வரவேணும், அதுவும் கண்டி வீதிக்கு.

அதே அம்மா: இப்போதும் இரண்டு தரம்தான் வாறேன். ஒரே இடம் என்றால் பெரியவள் தம்பியைக் கூட்டிவருவாள். அவன் ஒரு மணித்தியாலம் நூலகத்தில் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற ஆரம்பப் பிரிவு ஆசிரியர்: நூலகத்தில் யார் பார்ப்பது? 18 வயதுப் பெடியள் பந்தடிக்கிற மைதானத்தில் ஆறு வயதுப் பிள்ளை எங்கே ஓடுவது? என் அனுபவத்தில் பெரியவர்கள் இருக்கிற இடத்தில் சின்னவர்கள் மதிலோரத்தில்தான் நிற்பார்கள்.

கனடா: வேலி போட்டுப் பிரிக்கலாமே.

வேலி போடலாம். ஆனால் வேலி, தனி வாசல், தனி மலசலகூடம், தனி விளையாட்டிடம், மேற்பார்வைக்கு ஆள் எல்லாம் உங்கள் செலவுப் பட்டியலில் இருக்கிறதா? நான் பார்த்த பட்டியல்களில் ஓவிய அறைக்குக் குளிரூட்டி இருந்தது, வேலி இல்லை. அம்மா சொன்னதை வைத்து என் கருத்தைக் கொஞ்சம் திருத்துகிறேன். அக்காவோ அண்ணாவோ மேல்வகுப்பில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் எத்தனை, தனியே நடந்து வருகிற பிள்ளைகள் எத்தனை என்று வகுப்பாசிரியர்கள் ஒரு காலையில் கணக்கெடுக்கலாம். முதல் தொகை பெரிதென்றால் சேர்க்கலாம், வேலியோடு. இரண்டாவது பெரிதென்றால் தொடாதீர்கள். கனடாத் தம்பி, அந்தக் கணக்கு வரும்வரை அத்திவாரத்துக்குக் காசு அனுப்ப வேண்டாம்.

பாலையூற்று: அடுத்த வருடம் மகனைத் தரம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இடம் மாறினால் புள்ளி மாறுமா?

மாறும். அண்மையில் வசிப்போர் பிரிவில் நீங்கள் கேட்கிற பாடசாலையைவிட வீட்டுக்குக் கிட்ட ஆரம்பப் பிரிவுள்ள வேறு அரச பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வெட்டுவார்கள். வளாகம் தள்ளிப்போனால் அப்படிக் கிட்ட இருக்கிற பாடசாலைகள் கூடும். கண்டி வீதிப் பக்கத்தார் சிலருக்கு அது இலாபம், கடற்கரைப் பக்கத்தாருக்கு நட்டம். வாக்காளர் இடாப்பில் பெயர் ஒழுங்காக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

ஒரு ஆசிரியர்: எனக்கு இடமாற்றம் வருமா?

வலயத்தில் தாபனக் கிளையில் கேளுங்கள், உங்கள் ஆசிரியர் சங்கத்திலும் கேளுங்கள்.

நகரம்: புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி...

என் துறை அல்ல.

ஒரு வணிகர்: கடற்கரை வளாகம் வெறுமையானால் என்ன ஆகும்?

காணியின் பத்திரத்தை முதலில் பாருங்கள். பழைய பாடசாலைகளில் பல 1960, 1961 சட்டங்களின் கீழ் அரசு பொறுப்பேற்ற உதவிபெறும் பாடசாலைகள், அதாவது முன்பு மதச் சபைகளும் மற்றவர்களும் அரச உதவியோடு நடத்தியவை. நூறு வருடத்துக்கு முன் ஒருவர் கல்விக்கென்று கொடுத்த நிலமாக இருக்கும். வெறுமையாய்க் கிடக்கிற அரச கட்டடத்தைக் கேட்டு வேறு திணைக்களங்கள் வரும், ஒருமுறை கொடுத்தால் திரும்பி வராது. வளாகத்தை விட்டாலும் பாடசாலைப் பெயர்ப்பலகையை எடுக்காதீர்கள். ஒரு முன்பள்ளியோ ஆசிரியர் பயிற்சி அறையோ அங்கே நடக்கட்டும்.

அதிபர் ஒருவர்: எந்த மாதத்தில் இடம் மாறுவது நல்லது?

ஆவணி விடுமுறை. மார்கழியில் வேண்டவே வேண்டாம். 2000 டிசம்பரில் சூறாவளி, 2020 டிசம்பரில் புரேவி, இரண்டும் இந்தக் கரையில்தான் ஏறின. சேர்வு இடாப்பை நினைத்துப் பாருங்கள் சேர்.

உப்புவெளி: ஆவணங்களில் எது முக்கியம்?

மேலே எழுதிவிட்டேன். சேர்வு இடாப்பு.

கடற்கரை ஒழுங்கை, ஒரு அம்மா: ரீச்சர், நீங்கள் சொன்னதை வாசித்துவிட்டு இன்று காலை மகளோடு கண்டி வீதி வரை நடந்தேன். 29 நிமிடம். அவள் ஒரு தரம் செருப்பைக் கழற்றிக் கல் தட்டினாள். இதை யாரிடம் கொடுக்க?

மத்தியானம் ஒன்றரை வெயிலிலும் ஒருமுறை நடந்து பாருங்கள், மழை நாளிலும். நேரம், கடந்த சந்திகள், நடைபாதை இல்லாத இடங்கள், எல்லாவற்றையும் திகதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். இரண்டு பிரதி. ஒன்றை அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடம் கொடுத்து மற்றதில் கையொப்பம் வாங்குங்கள். ஒழுங்கையில் இன்னும் நாலு வீட்டாரையும் நடக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு நானும் வருகிறேன்.