கொசுவுக்குப் பேர் வைக்கிற படிப்பு

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. விலங்கியல் முடிக்கப் போகிறேன். மற்றப் பூச்சிகளின் உடலில் முட்டையிட்டு, அவற்றைத் தின்றே குஞ்சுகள் வளர்கிற ஒட்டுண்ணிக் குளவிகளின் வகைப்பாட்டில் ஆய்வு செய்ய ஆசை. 2021-இல் கோஸ்டா ரிக்காவின் 403 புதிய குளவி இனங்களை ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். பெரும்பாலும் டிஎன்ஏ பார்கோடும் (இனத்தை அடையாளம் காட்டும் சிறு மரபணுத் துண்டு) ஒரு படமும்தான். இதை வகைப்பாடு என்று ஏற்கலாமா? இந்தக் குளவிகளைப் பார்த்துத்தான் டார்வின் இறைவனைச் சந்தேகித்தாராமே? வீட்டில், ‘கொசுவுக்குப் பேர் வைக்கிறதெல்லாம் ஒரு படிப்பா?’ என்கிறார்கள். ஆய்வுக்குப் போகவா, பி.எட். சேரவா?

யாழினி

அன்புள்ள யாழினி,

டார்வினை விடுங்கள். குளவி என்றாலே எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். பார்கோடு சண்டைக்கும் நான் வரவில்லை. வீட்டார் ‘கொசு’ என்றதும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தீர்களா? கொசுவுக்கு இரண்டு சிறகு, குளவிக்கு நான்கு. அதைக்கூடச் சொல்லாமல் எனக்கு எதற்குக் கடிதம்? சரி, கோபப்பட எனக்கும் யோக்கியதை இல்லை.

சித்தப்பாவுக்கு ஆத்தூர் பக்கம் மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. 2021-இல் நுனி இலையெல்லாம் கொத்துக் கொத்தாகச் சுருண்டு வெள்ளை பூத்தது. நான் பெரிய மனுஷனாகச் சொன்னேன்: “பப்பாளிக்கு வந்த அதே மாவுப்பூச்சிதான். 2010-லேயே போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குளவி கொண்டுவந்து விட்டார்களே, அது பார்த்துக்கொள்ளும்.” சித்தி ஒரு பூச்சியின் மாவைத் துடைத்துக் காட்டினார். “அது மஞ்சளா இருக்கும் தம்பி, இது ரோஸா இருக்கு.” நான் சிரித்தேன். அந்த வருஷக் கிழங்கு போச்சு.

சித்தி சொன்னதுதான் சரி. அது வேறு இனம், 2020-இல் கேரளத்தில் தென்பட்டுப் பிறகு இங்கே வந்தது. பப்பாளிக் குளவி அதைத் தொடாது.

என் முட்டாள்தனத்துக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு. 1970-களில் இதே ரோஸ் பூச்சி ஆப்பிரிக்காவில் மரவள்ளியை உறிஞ்சித் தீர்த்தபோது, அதன் எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடக்கே போனார்கள். அச்சு அசலாக அதே பூச்சி கிடைத்தது என்று நினைத்தார்கள். அதன் மேலிருந்த குளவிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியில் பிழைக்கவில்லை. உற்றுப் பார்த்தால், அங்கே கிடைத்ததில் ஆண் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததில் எல்லாமே பெண். இரண்டும் வெவ்வேறு இனம்! ஒரு பூச்சியை இன்னொன்றாக நினைத்ததில் வருஷங்கள் போயின, கிழங்கும் போயிற்று. சரியான பூச்சி 1981-இல் பராகுவேயில் அகப்பட்டது, அதன் எதிரியான அனகைரஸ் லோபெசி என்ற குட்டிக் குளவியோடு.

அந்தக் குளவிக்கு அர்ஜென்டினாவின் லூயிஸ் டி சாண்டிஸ் 1964-லேயே பெயர் வைத்திருந்தார். (பேரினப் பெயர் அப்புறம் மாறிக்கொண்டே இருந்தது, அது உங்கள் துறையின் வியாதி.) ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பூச்சி போய்ச் சேர்வதற்கும் முன்னால்! அன்று அந்தப் பெயரால் யாருக்கு என்ன லாபம்? அவர் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். நல்லவேளை, மனுஷர் பி.எட். சேரவில்லை.

2022 மார்ச்சில், ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த அதே குளவியை ஏத்தாப்பூரில் விட்டார்கள். சித்தப்பா காட்டிலிருந்து பக்கம்தான். அவர் அதற்குள் மக்காச்சோளத்துக்கு மாறியிருந்தார்.