பயிற்சியாளரை மாற்றுவதா, ஆட்டக்காரர்களை மாற்றுவதா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். எங்கள் கால்பந்து அணிக்கு இந்த ஆண்டு புதிய பயிற்சியாளரை நியமித்தோம். பாலக்காட்டுப் பக்கத்து செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) போட்டிகளில் பெயர் எடுத்த ஐந்து பேரையும் சம்பளம் பேசிச் சேர்த்தோம். லீக்கில் பாதி ஆட்டங்கள் முடிந்த நிலையில் கடைசி இடத்தில் இருக்கிறோம். பயிற்சியாளரை உடனே மாற்றச் சொல்கிறார் என் பங்குதாரர். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. பயிற்சியாளர் முதலில் வந்தாரா, அந்த ஐந்து பேர் முதலில் வந்தார்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. யாருடைய குறை என்பதற்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்கு 2024-25இல் நேர்ந்ததைப் பாருங்கள். 2024 மே மாதம் எஃப்.ஏ. கோப்பையை வென்ற பயிற்சியாளர் எரிக் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை ஜூலையில் நீட்டித்த நிர்வாகம், டி லிக்ட், மஸ்ராவி, உகார்த்தே, ஸிர்க்ஸே, யோரோ என்று அந்தக் கோடையில் ஐவரை வாங்கியது. பிறகு அணி 14ஆம் இடத்தில் இருந்தபோது, அக்டோபர் 28 அன்று அவரையே நீக்கியது. நவம்பரில் வந்த ரூபன் அமோரிம், பின்னால் மூன்று தடுப்பாட்டக்காரர்களை நிறுத்தி, இரு ஓரங்களிலும் மைதானத்தின் நீளம் முழுக்க ஓடக்கூடிய விங்பேக்குகளை நம்பி ஆடுபவர். அவர் கைக்கு வந்ததோ, பின்னால் நால்வரையும் முன்னால் விங்கர்களையும் (ஓரத் தாக்குதல் ஆட்டக்காரர்கள்) வைத்து ஆடுவதற்காகச் சேர்த்த அணி. இடது ஓரத்துக்கென்று டோர்கு வாங்கப்பட்டது, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் குளிர்காலச் சந்தை திறந்த பிறகுதான். சீசனுக்கு முந்தைய பயிற்சிக் காலம் அமோரிமுக்குக் கிடைக்கவே இல்லை. முடிவில் 42 புள்ளிகள், 15ஆம் இடம். 1973-74இல் அப்போதைய உச்ச லீக்கான முதல் டிவிஷனிலிருந்து கீழே இறங்கிய பிறகு அந்த அணி லீக்கில் இவ்வளவு தாழ்ந்து முடித்ததில்லை.

உங்கள் ஊர் வழக்கில் சொல்வதானால், ஓவர்லாக் தையல் மெஷினில் கை பழகிய டெய்லரைப் பிளாட்லாக் மெஷினில் உட்கார வைத்துவிட்டு, பீஸ் குறைகிறது என்று சூப்பர்வைசரை மாற்றிய கதை இது. அந்தக் கோடையில் யுனைடெட் விற்றுவிட்ட மெக்டொமினே, அதே சீசனில் நாப்போலிக்கு இத்தாலிய லீக் பட்டத்தை வென்று கொடுத்து, அந்த லீக்கின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார். மான்செஸ்டரில் கேலிக்கு ஆளான விங்கர் ஆன்டனி, ஜனவரியில் கடனாக ஸ்பெயினின் ரியல் பெட்டிஸுக்குப் போய் அந்த அணி ஓர் ஐரோப்பியக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை செல்வதில் பெரும் பங்கு வகித்தார்.

இதனால் அமோரிம் குற்றமற்றவர் ஆகிவிட மாட்டார். இருக்கிற ஆட்களுக்கு ஏற்ற மாதிரி முறையைத் தளர்த்த மறுத்தது அவருடைய பிடிவாதம். ஆன்டனிக்கு யுனைடெட் முன்பு கொடுத்த, பத்துக் கோடி யூரோவை நெருங்கிய விலையை எந்த ஆட்ட முறையும் நியாயப்படுத்தாது.

எதிர்மாறான உதாரணத்துக்கு நீங்கள் கோயம்புத்தூரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. நேரு ஸ்டேடியத்தைத் தன் மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19இல் இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தை வென்றபோது, பயிற்சியாளர் அக்பர் நவாஸ் பந்தைத் தரையிலேயே ஒருவருக்கொருவர் தட்டிக்கொடுத்து ஆடும் முறையை விரும்பினார். ஸ்பெயினிலிருந்து வந்த சாண்ட்ரோ, நெஸ்டர், மான்ஸி ஆகியோர் அந்த ஆட்டத்திலேயே வளர்ந்தவர்கள். மான்ஸி மட்டும் 21 கோல்கள் அடித்தார். அங்கே ஆளும் முறையும் பொருந்தியிருந்தன.

இனி உங்கள் ஐவர். செவன்ஸ் ஆட்டத்தில் களம் சிறியது, பந்து அடிக்கடி காலுக்கு வரும், ஒருவரை ஏமாற்றித் தாண்டினாலே கோல் தெரியும். 105 மீட்டர் நீளமுள்ள களத்தில் பதினொரு பேரோடு ஆடும்போது, பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது, எப்போது திரும்பி ஓடுவது என்பதே பெரும்பகுதி வேலை. அந்தப் பழக்கம் சில வாரங்களில் வந்துவிடாது. ஆகவே ஐவரையும் ஒன்றாக இறக்காமல், நெருக்கமான இடத்தில் பந்தைக் காப்பாற்றத் தெரிந்த இருவரை மட்டும் நடுக்களத்தில் வைத்து, ஓரங்களையும் பின்வரிசையையும் ஏற்கெனவே சேர்ந்து ஆடிப் பழகிய உள்ளூர்ப் பையன்களிடம் விடும்படி பயிற்சியாளரிடம் பேசுங்கள். மற்ற மூவரை இரண்டாம் பாதியில் இறக்கலாம். இதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்த ஐவரையும் அவரே பார்த்துத் தேர்ந்தெடுத்தவராகவும் இருந்தால், உங்கள் பங்குதாரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் லீக் முடிந்த பிறகே மாற்றுங்கள்.

நீங்களோ பங்குதாரரோ தேர்ந்தெடுத்திருந்தால், அடுத்த முறை சம்பளம் பேசப் போவதற்கு முன், எந்த இடத்துக்கு எந்தக் கால் பழக்கம் உள்ள, என்ன வேலை தெரிந்த ஆள் தேவை என்று பயிற்சியாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு பாலக்காட்டுக்கு வண்டி ஏறுங்கள். முடிந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.